பிராதிகாமி என்றொரு ஆள்

பிராதிகாமி யார் என்று கேட்டால் உங்களில் எத்தனை பேர் கை தூக்குவீர்கள்? 'ஏதோ மாத்திரை பெயர் மாதிரி இருக்கே' என்றுகூடச் சிலருக்குத் தோன்றலாம். தப்பில்லை. மகாபாரதத்தில் கர்ணனுக்கும் அர்ச்சுனனுக்கும் ரசிகர் மன்றமே உண்டு. பிராதிகாமிக்கு யார் இருக்கிறார்கள்?

அவன் ஒரு தேரோட்டி. துரியோதனன் சபையில் ஏவின வேலையைச் செய்கிறவன். சூதாட்டம் முடிந்து, தருமன் எல்லாவற்றையும் தோற்று, கடைசியில் பாஞ்சாலியையும் தோற்றுவிட்டான். 'போய் அவளை இழுத்து வா' என்று முதலில் போனவன் துச்சாதனன் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லை. துரியோதனன் முதலில் விதுரரிடம் சொல்கிறான். அவர் மறுத்துத் திட்டுகிறார். அடுத்து அனுப்பப்பட்டவன்தான் நம்ம ஆள்.

போகிறான். விஷயத்தைச் சொல்கிறான். பாஞ்சாலி அழவில்லை, ஒரு கேள்வி கேட்கிறாள். தருமர் முதலில் தன்னைத் தோற்றாரா, என்னைத் தோற்றாரா? தன்னையே தோற்றவருக்கு என்னைப் பணயம் வைக்க ஏது உரிமை? போய்க் கேட்டு வா என்கிறாள்.

இவனும் திரும்பி வந்து கேட்கிறான். அத்தனை பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிற சபையில் அந்தக் கேள்வியை முதலில் உச்சரித்தது ஒரு தேரோட்டியின் வாய். தருமனிடமிருந்து பதில் இல்லை. 'அவளே இங்கே வந்து கேட்கட்டும்' என்று மறுபடி விரட்டுகிறான் துரியோதனன். போகிறான், வருகிறான். கடைசியில் சபையைப் பார்த்தே கேட்கிறான்: அந்த அம்மாளிடம் நான் என்னவென்று சொல்ல? 'இவன் பீமனுக்குப் பயப்படுகிறான், நீ போ' என்று தம்பியை ஏவுகிறான் துரியோதனன். அதற்குப் பிறகுதான் துச்சாதனன்.

பிராதிகாமி அத்தோடு காலி. அடுத்து அவனுக்கு என்ன ஆச்சு என்று கதை கவலைப்படவில்லை. பாரதியின் 'பாஞ்சாலி சபத'த்திலும் இந்தத் தேர்ப்பாகன் வந்து, நின்று, தயங்கிப் போய்விடுகிறான்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. இவனை வெட்டிவிட்டு நேராகத் துச்சாதனனை அனுப்பினால் கதையில் என்ன குறையும்? சம்பவம் எதுவும் குறையாது. சேலை உருவப்படும், சபதம் போடப்படும், போர் நடக்கும். அப்புறம் எதற்கு அவன்?

எனக்கு இந்தக் கேள்வி வந்தது கிருஷ்ணகிரி பக்கத்தில் ஒரு கூத்து பார்த்தபோது. ஓசூர் என்றாலே சிப்காட், ஷிப்ட் பஸ், நாற்பது கிலோமீட்டரில் பெங்களூரு என்றுதான் நமக்கு ஞாபகம் வரும். ஆனால், தொழிற்சாலைச் சுவர்கள் முடிகிற இடத்திலிருந்து ஊர்கள் ஆரம்பிக்கின்றன. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே டீக்கடையில் புழங்குகிற ஊர்கள். தருமராஜா கோயிலோ திரௌபதி அம்மன் கோயிலோ இருக்கிற ஊரில் பாரத விழா என்றால் பகலில் சொற்பொழிவு, இரவில் கூத்து. கடைசி நாள் துரியோதனன் படுகளம். மண்ணால் செய்த ராட்சச உருவம் தரையில் மல்லாந்து கிடக்கும். எல்லைக்கு அந்தப் பக்கம், பெங்களூரின் தர்மராய சுவாமி கோயில் கரகமும் இதே திரௌபதிக்குத்தான். அம்மனுக்கு ஏது செக்போஸ்ட்?

கூத்தில் முதலில் வருவது ராஜா கிடையாது. கட்டியக்காரன். திரைக்குப் பின்னால் நிற்கிற மகாராஜாவை 'நீ யாரு, எந்த ஊரு' என்று விசாரித்து நமக்கு அறிமுகம் செய்வது அவன்தான். காவலாள், தூதுவன், எடுபிடி என்று துண்டு வேஷங்கள் பலவும் அவன் தலையில்தான் விழும். நான் பார்த்த அன்று கட்டியக்காரன், 'ராஜாவே, ராத்திரி டூட்டிக்கு ஓ.டி. உண்டுங்களா?' என்று துரியோதனனைக் கேட்டான். செகண்ட் ஷிப்ட் முடித்து யூனிபார்மோடு வந்து உட்கார்ந்திருந்த பையன்கள் விசிலடித்தார்கள்.

அதே ஆள் பாஞ்சாலியைக் கூப்பிடப் போனபோது சிரிப்பு நின்றுவிட்டது. அதுவரை நம்மோடு சேர்ந்து கிண்டலடித்துக் கொண்டிருந்தவனுக்கு இப்படி ஒரு வேலை வந்துவிட்டதே என்று ஒரு சங்கடம். கவனியுங்கள்... பீமனாக நம்மை நினைத்துக்கொள்ள நமக்குத் தெம்பு போதாது. துரியோதனனாக நினைத்துக்கொள்ள மனசு வராது. இவன் நம்ம ஆள். இவன் கால் தயங்கும்போதுதான் நடப்பது எவ்வளவு பெரிய அக்கிரமம் என்பது நமக்கு உறைக்கிறது.

இன்னொன்றும் உண்டு. பீஷ்மரைக் கேட்டால் 'தர்மம் சூட்சுமமானது' என்பார். தருமன் தலை குனிந்திருப்பான். எல்லோருக்கும் ஒரு விதி, ஒரு வாக்கு, ஒரு செஞ்சோற்றுக்கடன். வேறு வழியில்லை என்கிறார்கள். அதே சோற்றைத் தின்கிற ஒரு வேலைக்காரன் தயங்கிக் காட்டிவிடுகிறான். துரியோதனனின் சொந்தத் தம்பி விகர்ணன் எழுந்து 'இது அநியாயம்' என்று சொல்லிவிடுகிறான். ஆக, வழி இருந்தது!

விகர்ணனை 'சின்னப் பையன், உனக்கென்ன தெரியும்' என்று அடக்கி, ஆடையைக் களையச் சொன்னது யார் தெரியுமா? கர்ணன். வியாசரும் அப்படித்தான் எழுதியிருக்கிறார், பாரதியும் அப்படித்தான். கர்ண மோட்சம் பார்த்து நாம் எல்லோரும் கண் துடைத்துக்கொள்கிறோம், நியாயம்தான். ஆனால், அந்தச் சபையில் தேரோட்டி வீட்டுச் சோறு தின்று வளர்ந்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் கர்ணன், இன்னொருவன் பிராதிகாமி. யார் உயரம் என்று பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால்தானே தெரியும்? பெரிய பாத்திரத்தை நிறுத்துப் பார்க்க வைத்திருக்கிற எடைக்கல்தான் சின்னப் பாத்திரம்.

ஷேக்ஸ்பியருக்கும் இந்த வித்தை தெரிந்திருந்தது. 'கிங் லியர்' நாடகத்தில் க்ளாஸ்டர் என்ற கிழவரின் கண்களைப் பிடுங்குகிறான் கார்ன்வால் பிரபு. ஒரு கண் போய்விட்டது. அப்போது, சிறு வயதிலிருந்தே அந்தப் பிரபுவிடம் வேலை பார்க்கும் ஒரு சேவகன் குறுக்கே வந்து, போதும் என்று தடுக்கிறான். வாளை உருவுகிறான். பிரபுவின் மனைவி பின்னாலிருந்து குத்திவிடுகிறாள். அவனுக்குப் பெயர்கூடக் கிடையாது. கிழவரின் அடுத்த கண்ணையும் அவனால் காப்பாற்ற முடியவில்லை. ஆனால், அவன் கொடுத்த காயத்தில்தான் அந்தப் பிரபு சாகிறான்.

மிச்சமிருக்கும் இரண்டு வேலைக்காரர்கள் கிழவரின் ரத்தம் வழியும் முகத்துக்கு முட்டை வெள்ளைக்கரு தடவப் போகிறார்கள். 1608-ல் அச்சான புத்தகத்தில் இந்தத் துண்டு உண்டு. 1623-ல் வந்த பெரிய தொகுப்பில் இல்லை. 1962-ல் பீட்டர் புரூக் இதை மேடையேற்றியபோது அவரும் அதை வெட்டிவிட்டார். அந்த ஆறுதல் பார்வையாளருக்குக் கிடைக்கக்கூடாது என்பது அவர் கணக்கு. சில வரிகள் இருப்பதற்கும் இல்லாததற்கும் நாடகமே இரண்டு விதமாக மாறிவிடுகிறது.

பி.காமில் எங்கள் வாத்தியார் சொல்வார்: 'கம்பெனியைப் புரிஞ்சுக்கணும்னா பெரிய தொகையைப் பார்க்காதே, சில்லறைச் செலவுன்னு ஒரு தலைப்பு இருக்கும், அங்கே பாரு.' நாடகத்துக்கும் அது பொருந்தும்போல.

மேடையை விடுங்கள். ஓசூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பர்சனல் டிபார்ட்மென்ட்டில் இருந்த என் நண்பர் ஒருவரிடம் ஒருநாள் ஒரு லிஸ்ட்டைக் கொடுத்தார்கள். கான்ட்ராக்ட் ஆட்கள், நாளையிலிருந்து வேண்டாம், போய்ச் சொல்லிவிட்டு வா. போனார். அவர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். 'எங்க பேரு மட்டும் ஏன் சார்?' இவர் மாடியேறிப் போய் அதைக் கேட்டார். 'சொன்னதை மட்டும் செய்யுங்க' என்றார்கள். இறங்கினார். மறுபடி ஏறிப்போய், 'அவங்களுக்கு நான் என்ன சார் சொல்றது?' என்றார். மூன்றாவது முறை வேறு ஓர் ஆளை அனுப்பினார்கள். லிஸ்ட்டில் இருந்த எல்லோருக்கும் வேலை போனது. நண்பரை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள்.

'நான் ஒண்ணும் பெரிசா பண்ணலைங்க. அவங்க கேட்டதைக் கொண்டுபோய்க் கேட்டேன், அவ்வளவுதான்' என்றார். அவருக்குப் பிராதிகாமியைத் தெரியாது. சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'அந்தாளுக்கு அப்புறம் வேலை இருந்துச்சாமா?' என்று கேட்டார். வியாசர் அதை எழுதவில்லை.

நமக்கெல்லாம் கர்ணன் வேஷம் கிடைக்கப்போவதில்லை. மேலே இருந்து வருகிற லிஸ்ட்டைக் கீழே கொண்டுபோகிற வேஷம் என்றைக்காவது கிடைக்கும். கேள்வி கீழேயிருந்து வரும். அதை மாடிக்குக் கொண்டுபோவதா, படிக்கட்டிலேயே போட்டுவிடுவதா என்பது மட்டும் நம் கையில்.

அடுத்த முறை பாரதக் கூத்து பார்க்கப் போனால், துச்சாதனன் வருகிறவரை தூங்கலாம் என்று துண்டை விரிக்காதீர்கள். அவனுக்கு முன்னால் ஒருவன் போவான். அவன் கால்களைப் பாருங்கள்.