பழைய பல்லேகமவை எதில் திறப்பது?

பழைய பல்லேகம நகரம் இருந்த நிலத்தின்மேல் இப்போது களு கங்கை நீர்த்தேக்கம் நிற்கிறது. மொறகஹகந்த – களு கங்கைத் திட்டத்துக்காக அந்தக் கடைவீதியையும் வயல்களையும் விட்டு மக்கள் வெளியேறினார்கள். 2019இல் அவர்களுக்கான லக்கல புதிய நகரம் திறக்கப்பட்டது. பழைய ஊரின் கடைசிச் சில வருடங்களை ஒரு நிக்கோன் டி7100 கமராவில் எடுத்து வைத்திருந்த குடும்பமொன்று, மாத்தளையில் நான் வேலை பழகும் ஸ்டூடியோவுக்கு ஒரு ஹார்ட் டிஸ்க்கோடு வந்தது. பெரிய ஆல்பமாக அச்சடித்துத் தரவேண்டும் என்று கேட்டார்கள். உள்ளே இருந்தவை எல்லாமே என்.ஈ.எஃப் கோப்புகள், அதாவது சென்சர் அளந்ததை அப்படியே வைத்திருக்கும் நிக்கோனின் ரோ. அவற்றோடு ஒரு ஜேபெக்கூட இல்லை.

ரோ கோப்பைப் பதப்படுத்தும் வேலையை நான் கற்றுக்கொண்டது அந்த டிஸ்க்கை வைத்துத்தான். அதற்குமுன் கலியாணப் படங்களுக்கு வெளிச்சம் கூட்டிக் குறைத்து, நேரம் பார்த்து ஏற்றுமதி செய்து கொடுப்பதோடு என் வேலை முடிந்துவிடும். எந்த மென்பொருள் நல்லது என்று ஸ்டூடியோ அண்ணனிடம் கேட்டேன்.

"மென்பொருளை விடு தம்பி. கமரா என்ன எழுதி வச்சிருக்குன்னு முதல்ல பாரு" என்றார்.

அதைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ரோ தெரபீ என்ற இலவச மென்பொருளில், நிறங்களை இட்டு நிரப்பும் கட்டத்தையே நிறுத்திவிட்டுப் படத்தைத் திறக்கலாம். அண்ணன் அப்படித் திறந்து, பெரிதாக்கிக் காட்டினார். திரையில் தெரிந்தது பல்லேகம வயல் அல்ல, பச்சையும் சிவப்பும் நீலமுமான சிறு சதுரங்கள். சென்சரின் ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு நிறத்தைத்தான் அளக்கிறது. பாதிப் புள்ளிகள் பச்சை, கால் பங்கு சிவப்பு, கால் பங்கு நீலம். கொடாக் நிறுவனத்தில் வேலை செய்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. இன்று விற்கும் பெரும்பாலான கமராக்களில் இதுவே இருக்கிறது. ஆகவே இந்தக் கமராக்களில் எடுத்த எந்த வண்ணப் படத்திலும் நிறத் தகவலில் மூன்றில் இரண்டு பங்கு அளக்கப்பட்டதல்ல, பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கணக்கிட்டு நிரப்பப்பட்டது. எப்படி நிரப்புவது, எந்த வளைகோட்டில் இருளையும் ஒளியையும் பிரிப்பது, வெள்ளையை எதை வைத்து நிர்ணயிப்பது என்பதெல்லாம் மென்பொருளை எழுதியவரின் முடிவு.

இது புரிந்தபிறகு நான் கேட்ட கேள்வியே மாறிப்போனது. ஒரே கோப்பை லைட்ரூமில் திறந்தால் ஒரு படம், நிக்கோனின் என்எக்ஸ் ஸ்டூடியோவில் வேறொரு படம், டார்க்டேபிளில் மங்கலாக இன்னொரு படம் வரும். முதலில் தெரியும் அழகை வைத்துத் தீர்ப்புச் சொல்பவர் மென்பொருளைச் சோதிக்கவில்லை, அதன் ஆரம்ப அமைப்பைத்தான் சோதிக்கிறார். மென்பொருளை விற்கும் நிறுவனங்கள் அந்த முதல் பார்வைக்காகவே உழைக்கின்றன. ஆகையால் அதைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்பது அண்ணனின் உறுதியான கருத்து. இன்று அது என் கருத்தும்கூட.

எங்கள் ஸ்டூடியோவில் முன்பு லைட்ரூம் சந்தா இருந்தது. 2022 மார்ச் மாதம் ரூபாயை மிதக்கவிட்டபோது ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்தது. மே மாதத்தில் 360ஐத் தொட்டது. மாதம் 9.99 டொலர் என்ற அதே சந்தா 2,000 ரூபாயிலிருந்து 3,600 ரூபாய் ஆனது. அப்போது நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை மின்வெட்டு. கலியாணங்கள் தள்ளிப்போயின, வருமானமில்லை. சந்தாவை நிறுத்தினார்கள். நிறுத்தினால் எல்லாம் பறிபோய்விடும் என்று சிலர் சொல்வது சரியல்ல. பழைய படங்களைப் பார்க்கலாம், ஏற்றுமதி செய்யலாம். ஆனால் திருத்தும் டெவலப் பகுதி பூட்டிக்கொள்ளும். ஒரு கலைஞனின் பழைய வேலையைக் கண்ணில் காட்டி, திருத்தக் கையில் கொடுக்காத நிலை அது. லைட்ரூம் மோசமான மென்பொருள் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆயிரக்கணக்கான கலியாணப் படங்களை வகைப்படுத்தி, முகத்தைத் தானாகத் தெரிவுசெய்து ஒளியேற்றித் தருவதில் அதற்கு நிகர் குறைவு. பிறநாட்டு நாணயத்தில் மாதாமாதம் கட்டும் தொழிற்கருவியை ரூபாயில் உழைப்பவன் நம்பி நிற்கலாமா என்பதுதான் எங்கள் முன்னிருந்த கேள்வி.

சோதிப்பதற்கு அண்ணன் மூன்று கோப்புகளைத் தெரிவுசெய்தார். எந்த மென்பொருளானாலும் இந்த மூன்றிலும் பாரு, நல்ல வெளிச்சத்தில் எடுத்த படம் எதிலும் நன்றாகத்தான் வரும் என்றார்.

முதலாவது, அந்த டிஸ்க்கில் இருந்த பல்லேகம வயல். உச்சி வெயில், நெற்கதிருக்குச் சரியாக ஒளியளவு வைத்ததால் மேகம் எரிந்துபோயிருந்தது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வெயில் ஒளியில் பச்சைப் புள்ளிகள்தான் முதலில் நிறைந்து போகும். வெள்ளைச் சமநிலைக்காகச் சிவப்பையும் நீலத்தையும் மென்பொருள் பெருக்கும்போது, நிறைந்துபோன பச்சை அவற்றோடு ஏறமுடியாமல் நின்றுவிடுகிறது. விளைவு, வெள்ளை மேகத்தில் ரோசா நிறம். மீதமிருக்கும் நிறப்புள்ளிகளிலிருந்து மேகத்தின் வடிவத்தை யார் நன்றாக மீட்கிறார்கள் என்று பார்த்தோம். நண்பர் ஒருவரின் கணினியில் பார்த்த லைட்ரூம் தானாகவே மென்மையாகச் செய்தது. டார்க்டேபிளில் இதற்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. முறையைத் தெரிவுசெய்து கொடுத்தால் அதே அளவுக்கு வந்தது. என்எக்ஸ் ஸ்டூடியோ இதில் பின்தங்கியது.

இரண்டாவது, மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் மாசி மகத் தேர். ஐந்து தேர்கள் வீதி வரும் அந்த நாளில் சிவப்புப் பட்டும் செவ்வரளி மாலையும்தான் எங்கும். பட்டின் மடிப்பு தெரியாமல் ஒரே சிவப்புத் திட்டாக வருவது ஜேபெக்கில் வழமை. ரோவில் மடிப்பு இருக்கும், விரிந்த நிறவெளியில் வைத்து வேலை செய்தால் கடைசிவரை காப்பாற்றலாம். அச்சகம் கேட்கும் சிறிய நிறவெளிக்கு மாற்றும் கட்டத்தில்தான் அது தொலைகிறது. பக்கத்தில் நிற்கும் அடியார்களின் கறுத்த முகங்களும் இதே படத்தில் இருந்தன. நிக்கோனின் சொந்த மென்பொருள் இங்கே முந்தியது. கமராவில் வைத்த நிற அமைப்பை அப்படியே எடுத்துக்கொள்வதால் எங்கள் ஆட்களின் தோல் நிறம் முதல் திறப்பிலேயே இயல்பாக இருந்தது. 2021இல் வந்த இலவச மென்பொருள் அது. நிக்கோன் கமரா மட்டும் வைத்திருப்பவர் பணம் கொடுத்து எதையும் வாங்குமுன் அதைப் பழகிப் பார்க்கவேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

மூன்றாவதுதான் எனக்குப் பிரியமானது. ரத்தோட்டையிலிருந்து ரிவஸ்டன் ஏறி, இலுக்கும்புர இறங்கி பல்லேகமப் பக்கம் போகும் பாதையின் மேற்புறம் முகில் தங்கும் காடு. அங்கே மூக்கு நுனியில் இலைபோன்ற தட்டை உறுப்புள்ள ஒரு ஓணான் வாழ்கிறது. இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்டின் பெயரால் அறிவியல் அதை அழைக்கிறது. நக்கிள்ஸ் மலைத்தொகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. அண்ணன் அதை ஐஎஸ்ஓ 3200இல் எடுத்திருந்தார். இலைகளின் ஊடாக வடிந்துவரும் ஒளி முழுக்கப் பச்சை. அந்தப் பிராணியும் பச்சை கலந்த தவிட்டு நிறம். எவ்வளவு பச்சை ஓணானுடையது, எவ்வளவு காட்டுடையது? எந்த மென்பொருளின் தானியங்கிப் பொத்தானும் இதைச் சொல்ல முடியாது. அண்ணன் அதே கிளையருகில் கொப்பியின் வெள்ளைத் தாளைப் பிடித்து ஒரு படம் எடுத்து வைத்திருந்தார். அந்தத் தாளில் அளந்த சமநிலையை ஓணான் படத்துக்கு மாற்றியதும் மூக்குத் தட்டின் நிறம் தோலிலிருந்து பிரிந்து தெரிந்தது. இதைச் செய்யும் வசதி எல்லா மென்பொருளிலும் இருக்கிறது. தாளைக் கொண்டுபோகும் பழக்கம்தான் வேண்டும்.

மணல் தூவியதுபோன்ற இரைச்சலை நீக்குவதில் 2023 ஏப்ரலில் லைட்ரூமுக்கு வந்த செயற்கை நுண்ணறிவுக் கருவி எல்லோரையும் தாண்டி நிற்கிறது. அந்த நண்பரின் புதிய மடிக்கணினியில் பார்த்தேன், உண்மையிலேயே வியப்பு. ஆனால் அதற்கு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு தேவை. எங்கள் ஸ்டூடியோ கணினியில் அது இல்லை. டார்க்டேபிள் பல கமரா மாதிரிகளுக்கு ஐஎஸ்ஓ வாரியாக முன்பே அளந்து வைத்த இரைச்சல் கணக்கைப் பயன்படுத்துகிறது. டி7100க்கும் அது இருக்கிறது. ஏ4 அளவு அச்சுக்கு அதுவே போதும்.

இவ்வளவு சோதித்த பிறகும் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று.

இந்த மென்பொருள்கள் எதுவும் ரோ கோப்பின் படத் தரவை மாற்றுவதில்லை. நாம் செய்யும் திருத்தமெல்லாம் பக்கத்தில் ஒரு குறிப்பாக எழுதப்படுகிறது. லைட்ரூம் தன் பட்டியலுக்குள் வைக்கிறது, வேண்டுமானால் எக்ஸ்எம்பி கோப்பாகவும் எழுதும். டார்க்டேபிளும் எக்ஸ்எம்பி எழுதுகிறது, ஆனால் உள்ளே இருப்பது தன் சொந்தக் கணக்கு. ரோ தெரபீ பிபி3 என்று வைக்கிறது. ஒன்றின் திருத்தத்தை மற்றது வாசிக்காது. நட்சத்திரக் குறி, வெட்டிய எல்லை போன்ற சிலவற்றைத் தவிர எதுவும் கைமாறாது. மென்பொருள் ஒன்றைத் தெரிவுசெய்வது என்பது, பல வருட உழைப்பை எந்த வீட்டில் குடிவைப்பது என்று தெரிவுசெய்வது. வீட்டுக்காரர் மனம் மாறுவதும் உண்டு. ஆப்பிள் 2014இல் அபெர்ச்சர் என்ற தன் ரோ மென்பொருளைக் கைவிடுவதாக அறிவித்தது. 2019இல் வந்த புதிய மேக் இயங்குதளத்தில் அது திறக்கவே இல்லை. 2024 தொடக்கத்தில் கேப்ச்சர் வன் என்ற இன்னொரு ரோ மென்பொருள் தன் இலவசப் பதிப்பை நிறுத்திக்கொண்டது.

பல்லேகமக் குடும்பத்தின் கோப்புகளை நினைத்தபோது இது எனக்கு மிகவும் கனத்தது. கலியாணப் படம் அழிந்தால் மண்டபமாவது மிச்சம் இருக்கும். இங்கே படத்தில் உள்ள தெருவுக்கே போகமுடியாது. இன்னும் இருபது வருடம் கழித்து அவர்களின் பேரப்பிள்ளை இதைத் திறக்க வேண்டும். அதற்கு, மூல நிரல் வெளிப்படையாகவே கிடைக்கும் மென்பொருள்தான் எனக்கு நம்பிக்கை தருகிறது. கமரா நிறுவனங்கள் தங்கள் ரோ வடிவத்தின் விவரங்களை வெளியிடாத காலத்திலேயே, டேவ் காஃபின் என்ற தனி மனிதர் 1997இல் டிசிரோ என்ற சிறு நிரலை எழுதத் தொடங்கி, கமரா கமராவாக அதை வாசிக்கும் வழியைக் கண்டுபிடித்து எல்லோருக்கும் கொடுத்தார். இன்றைய இலவச ரோ மென்பொருள்கள் பலவற்றின் பின்னால் அந்த வேலை இருக்கிறது. நிரல் ஊரறிய இருக்கும்வரை யாராவது ஒருவர் அதை மீண்டும் இயக்க முடியும்.

அப்படி மூல நிரல் வெளிப்படையாக உள்ள டார்க்டேபிளைத் தெரிவுசெய்தோம். பழகக் கடினம் என்பதை மறைக்கமாட்டேன். ஒளி இயற்கையில் எப்படிக் கூடுகிறதோ அந்தக் கணக்கிலேயே கடைசிவரை வேலை செய்து, திரைக்கேற்ப சுருக்குவதை இறுதியில்தான் செய்கிறது. ஆகவே வரிசை தெரியாமல் பொத்தான்களைத் தொட்டால் படம் சாம்பல் பூத்துவிடும். ஒளியளவு, வெள்ளைச் சமநிலை, சிக்மோய்ட் எனும் சுருக்கும் வளைகோடு ஆகிய மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய், மற்றவற்றை மறைத்துவை என்று அண்ணன் கட்டளையிட்டார். அந்த மூன்றிலேயே ஆல்பத்தின் பெரும்பகுதி முடிந்தது.

நிறத்தைச் சரிபார்க்க அந்தக் குடும்பத்தின் பாட்டியைக் கணினிமுன் உட்காரவைத்தோம். கடைவீதிப் படத்தில் ஒரு கதவை நான் நீலமாக வைத்திருந்தேன். "மல்லி, அது பச்சை கலந்த நீலம், ஒவ்வொரு புதுவருடத்துக்கும் நாங்கதான் பூசுவோம்" என்று சிங்களத்தில் சொன்னார். கதவு இப்போது நீருக்குள், அளந்து பார்க்க வழியில்லை. அவர் கண் சொன்ன இடத்தில் நிறுத்தினேன். பக்கத்துச் சுவரும் அதே அளவில் நகர்ந்தபோது அதன் சுண்ணாம்பு வெள்ளை சரியாக வந்து உட்கார்ந்தது.

டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்தபோது மூல என்.ஈ.எஃப் கோப்புகள், அவற்றின் எக்ஸ்எம்பி குறிப்புகள், ஆல்பத்துக்கு எடுத்த படங்களின் 16 பிட் டிஃப் பிரதிகள், வேலை செய்த டார்க்டேபிள் பதிப்பின் நிறுவற்கோப்பு எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் போட்டோம். இரண்டாவது டிஸ்க் ஒன்றில் இன்னொரு பிரதி எடுத்து, அதை வேறு வீட்டில் வைக்கச் சொன்னோம். ஸ்டூடியோவில் கலியாண சீசன் தொடங்கினால் ஒரு மாதத்துக்கு மட்டும் லைட்ரூம் கட்டுவதா என்று இப்போது அண்ணன் யோசிக்கிறார். மொத்தப் படங்களைத் தரம்பிரிக்க அது வேண்டும்தான் என்று நானும் சொல்லியிருக்கிறேன்.