சுவரை நம்பினோம்

கண் பார்த்தால் கை செய்யும் என்பார்கள். அதனை நம்பியே, சென்ற விடுமுறையில் அன்னையாரின் அறைக்குத் தரையோடு பதிக்க நாமே முனைந்தோம். பழைய சீமெந்துத் தரை பொரிந்து குழி விழுந்திருந்தது. இருமுறை அவர் கால் இடறிற்று. மேசனின் கூலியை மிச்சம் பிடிக்கும் எண்ணமும் உண்டு, மறைப்பானேன்?

அறை 10 அடிக்கு 12 அடி. வழுக்காத, சொரசொரப்பான ஓரடி ஓடுகள் 120 வாங்கினோம். உடைவுக்கென மேலும் 12. சுவர் மூலையிலிருந்து பதித்து வந்தோம். மூன்று வரிசை வரை யாவும் நலமே. ஆறாம் வரிசையில் இடைவெளி ஒருபுறம் நூலளவு, மறுபுறம் விரலளவு!

அயல்வீட்டு முதிய மேசன் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, சுவரை நம்பினீரோ? அதுவே கோணல்!"

ரூபாய்க் குற்றியால் ஓடுகளைத் தட்டினார். பொள்ளென ஒலித்தவற்றின் அடியிலே சாந்து நிரம்பவில்லை. பாரம் ஏறினால் வெடிக்கும் என்றார்.

அத்தனையையும் பெயர்த்தோம். ஐந்து உடைந்தன. அவர் சொற்படி அறையின் நடுவே குறுக்கும் நெடுக்குமாக நூல் பிடித்தோம். ஒரு நூலில் 3 அடி, மற்றதில் 4 அடி அளந்தால், குறுக்களவு 5 அடியாக வரவேண்டும். வந்தால் மூலை சரி. பாடசாலையில் மனனஞ் செய்த பைதகரசின் தேற்றம் அன்றுதான் நமக்கு விளங்கிற்று.

ஒருநாள் முழுதும் எவரையும் மிதிக்க விடவில்லை. மறுநாள் அன்னையார் சுவரைப் பிடியாமலே அறையைக் கடந்தார். வாசலோரத்து ஓடொன்று இன்னமும் சற்றுக் கோணல்தான். அவருக்கு அது தெரியும். வருவோரிடம் மட்டும் சொல்வதில்லை.