பொடக்காளிப் பட்டறை: சில குறிப்புகள்

கொங்குப் பக்கம் வீட்டின் பின்கட்டுக்குப் பொடக்காளி என்று பெயர். ஒரு துவைகல், வெந்நீர் அடுப்பு, முருங்கை மரம். திருப்பூரில் அதே இடத்தில் தகரம் வேய்ந்து நாலு மெஷினைப் போட்டால் அது கம்பெனி. போர்டு பிறகு வரும், சில சமயம் வராது. இன்றைக்கும் உள்தெருக்களில் ஓவர்லாக் சத்தம் வீட்டுக்குப் பின்னாலிருந்துதான் கேட்கிறது.

*

பவர் டேபிள். நீள மேசை, அடியில் ஒரு ஷாஃப்ட், ஒரே மோட்டார், மேலே வரிசையாகத் தையல் தலைகள். தலைக்கொரு மோட்டார் வாங்கக் கையில் காசில்லாதவன் போட்ட கணக்கு அந்த மேசையைப் பார்த்தாலே தெரியும். இப்போது தனித்தனி மோட்டார் வந்துவிட்டது. ஆனாலும் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் யூனிட்டுக்கு ஊரில் பவர் டேபிள் என்றுதான் பெயர்.

*

பனியனுக்கு முன்னால் திருப்பூர் கதர் ஊர். 1925-இல் காந்தியைத் தலைவராகக் கொண்டு தொடங்கிய அகில இந்திய சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளைக்கு இதுதான் தலைமையிடம். கொடி காத்த குமரன் பிறந்த ஊரான சென்னிமலை நெசவுக்குப் பேர்போனது. அவர் பிழைப்புக்கு வந்த ஊர் திருப்பூர். 1932 ஜனவரியில் இங்கேதான் அடிபட்டு இறந்தார். குமரன் கதை பள்ளிக்கூடப் பாடத்தில் இருக்கிறது.

பாடத்தில் இல்லாதது 1929-இல் அந்தச் சங்கம் அறிவித்த போட்டி. ராட்டையைச் செம்மைப்படுத்தித் தருபவருக்கு 1 லட்சம் ரூபாய் பரிசு. அந்தக் காலத்து லட்சம்! நிபந்தனைகளைப் படித்தால், எழுதியவர்களுக்குக் குடிசையும் தெரியும், கணக்கும் தெரியும் என்பது புரியும். தூக்கிப்போக லேசாக இருக்க வேண்டும். கையாலோ காலாலோ சுற்றலாம். ஒரு பெண் உட்கார்ந்தால் மிகவும் களைக்காமல் 8 மணி நேரம் நூற்க முடிய வேண்டும். இந்தியாவிலேயே செய்ய வேண்டும், விலை 150 ரூபாயைத் தாண்டக் கூடாது. 20 வருஷம் உழைக்க வேண்டும். எனக்குப் பிடித்தது கடைசி நிபந்தனை: பழுது பார்க்கும் செலவு வருஷத்துக்கு விலையில் 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. 150-க்கு 5 சதவீதம் ஏழரை ரூபாய். கருவி ஒருநாள் கெட்டுப்போகும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு, அதைச் சரிபார்ப்பவனுக்கும் தொகை ஒதுக்கிய திட்டம். கைத்தொழிலைக் காப்பாற்றுகிறோம் என்று இன்று வருகிற திட்டங்களில் கருவி வாங்கித் தருவார்கள். பழுதுக்கு யார் தருவது?

பரிசை யாரும் வாங்கவில்லை. மகாராஷ்டிரத்துக் கிர்லோஸ்கர்வாடியிலிருந்து வந்த ஒரு இயந்திரமும் தேறவில்லை.

*

இருபது வருஷம் கழித்து, 1949 வாக்கில், பரிசுத் தொகை எதுவும் இல்லாத நேரத்தில், திருநெல்வேலிச் சீமைக்காரர் ஒருவர் அந்த வேலையை ஏறக்குறைய முடித்தார். பெயர் ஏகாம்பரநாதன். அவர் செய்த ராட்டைக்கு அவர் பெயரின் ஒரு துண்டே பெயரானது: அம்பர் சர்க்கா.

பழைய ராட்டையில் ஒரு கை சக்கரத்தைச் சுற்றும், இன்னொரு கை பஞ்சை இழுக்கும். நூல் சன்னமா தடிமனா என்பது இழுக்கும் விரலில் இருக்கிறது. அம்பரில் ஒன்றைவிட ஒன்று வேகமாகச் சுழலும் உருளைகள் அந்த இழுப்பைச் செய்கின்றன. மில்லில் ஓடும் ஸ்பின்னிங் மெஷினின் அதே தத்துவம், வீட்டு அளவில். கதிரும் ஒன்று இல்லை, நான்கு. நூற்பவள் கைப்பிடியைச் சுற்றி, அறுந்த இழையை ஒட்டினால் போதும்.

விரலிலிருந்த திறமை உருளைக்குப் போய்விட்டதே என்று வருந்தலாம். நாள் முழுக்க நூற்று வாங்கும் கூலியைப் பார்த்தவர்கள் அப்படி வருந்துவது கடினம். மத்திய அரசு இதற்கென விசாரணைக் குழுவே அமைத்தது; கதர்த் துறை நாடெங்கும் கொண்டுபோனது. கதரை உயிரோடு வைத்தது பழைய ராட்டையை அப்படியே வைத்திருந்தவர்கள் மட்டும் அல்ல, அதைப் பிரித்துப் போட்டவரும்தான்.

*

பிரித்துப் போடுவது என்றதும் ஜி.டி. நாயுடு ஞாபகம் வராமல் போகாது. 1893-இல் சூலூர் பக்கம் கலங்கலில் பிறந்தவர். ஹோட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் ஒரு வெள்ளைக்காரரின் மோட்டார் சைக்கிளை வாங்கி, ஓட்டியதைவிட அக்கக்காகக் கழற்றியதில்தான் தொழில் கற்றார். மீதிக் கதை கோவை அவிநாசி சாலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அருணாசலம் முருகானந்தமும் இதே ரகம். கைத்தறி நெசவாளர் வீட்டுப் பிள்ளை, பட்டறைக்காரர். மனைவிக்காக மலிவான நாப்கின் செய்யப் போய், மனைவியும் தாயும் வீட்டைவிட்டுப் போகும் அளவுக்கு ஊர் ஏச்சு வாங்கினார். கம்பெனி நாப்கினுக்குள் இருப்பது பஞ்சு அல்ல, மரக்கூழ் என்று தெரிந்துகொள்ளவே அவருக்கு வருஷக்கணக்கில் ஆயிற்று. 2016-இல் பத்மஸ்ரீ. அவர் மெஷினில் எனக்குப் பிடித்த விஷயம், உள்ளே நடப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிவது. ஓட்டுகிற பெண்ணே திறந்து பார்க்கலாம்.

*

பின்னலாடை பார்க்க வருகிறவர்கள் அனுப்பர்பாளையத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அவிநாசி போகிற வழிதான். அந்தப் பக்கத்து வீதிகளில் ஓவர்லாக் சத்தம் அடங்கிச் சுத்தியல் சத்தம் ஆரம்பிக்கும். பித்தளை, செம்பு, எவர்சில்வர்: குடம், அண்டா, தவலை, பொங்கல் பானை.

பித்தளைத் தகட்டை அடிக்க அடிக்க அது இறுகும். இன்னும் நாலு அடி அடித்தால் வெடித்துவிடும் என்கிற இடத்தில் நிறுத்தி, நெருப்பில் காட்டி இளக்கி, மறுபடி அடிக்க வேண்டும். அந்த இடம் எது? சுத்தியல் திரும்பத் தரும் சத்தம் மாறும், கை அதிர்வு மாறும். எழுதிவைக்கப் பார்த்தால் இவ்வளவுதான் எழுத வருகிறது. குடத்தின் பாகங்களைத் தனித்தனியாக அடித்து, விளிம்பை ஒன்றுக்குள் ஒன்று கோத்து, வெங்காரம் வைத்துப் பற்றவைப்பார்கள். நன்றாகச் செய்த குடத்தில் பற்று தண்ணீர் கசியாது, தேய்த்தபின் கண்ணுக்கும் எளிதில் தெரியாது.

இங்கே கூலி உருப்படிக்கு, எடைக்கு. கூலி உயர்வுக்குப் பேச்சுவார்த்தை, சில சமயம் வேலைநிறுத்தம். பாரம்பரியக் கலை என்று படம் எடுப்பவர்கள் இந்தப் பேச்சுவார்த்தையைப் படம் எடுப்பதில்லை. பட்டறைக்காரரின் மகன் பனியன் கம்பெனிக்குப் போவது கலையை வெறுத்தல்ல. அங்கே சனிக்கிழமை ஆனால் சம்பளம் கையில் வரும்.

*

பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. 1985-ஆம் வருஷச் சட்டம் சில ரகங்களைக் கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கிய பட்டியலிலும் ஜமக்காளம் உண்டு. இருந்தும் விசைத்தறியில் ஓட்டியது அதே பெயரில் விற்கிறது. சட்டம் இல்லாததல்ல குறை, கேட்பாரில்லாததுதான்.

*

பனியன் கட்டிங் வேஸ்ட்டைக் கிழித்துப் பஞ்சாக்கி, ஓ.இ. (ஓப்பன் எண்ட்) மில்லில் மறுபடி நூலாக்குகிறார்கள். துணிக்கு முன்பே போட்ட சாயம் நூலிலும் நிற்பதால் புதுச்சாயம் அதிகம் தேவைப்படாது. கால்மிதியும் போர்வையும் அதில் நெய்யப்படுகின்றன. இதற்கும் ஒரு விருது கொடுக்கலாம்.

*

கடைசியாக ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுப் பரணில் பித்தளைப் போசி ஏதாவது கிடந்தால், எடைக்குப் போடும் முன் ஈயம் பூசுபவர் ஊரில் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். உள்ளே ஈயம் தேய்ந்திருந்தால் புளி சேர்ந்த சமையல் களிம்பேறும். புதிதாகப் பூசிவிட்டால் ரசம் வைக்கலாம். கேட்கிற கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.