காலம் போவது தெரிந்து

என் தங்கையின் பேத்தி நியூ ஜெர்ஸியில் பள்ளியிறுதி வகுப்பில் இருக்கிறாள். கல்லூரி விண்ணப்பத்துக்காக ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரையை அனுப்பி, பார்த்துத் தரச் சொன்னாள். எழுத்து சம்பந்தமாக ஏதாவது என்றால் குடும்பத்தில் என்னைத்தான் கேட்பார்கள். நான் எழுதிய எதையும் அவர்களில் ஒருவரும் படித்ததில்லை.

1974இல் நான் பி.ஏ. சேர்ந்தபோது விண்ணப்பத்தாளில் பெயர், தகப்பனார் பெயர், ஜாதி, மார்க்கு என்று கேட்டிருந்தார்கள். அதற்குள் இரண்டு நோட்டுப் புத்தகம் நிறையக் கவிதை எழுதியிருந்தேன். அதைச் சொல்ல அந்தத் தாளில் இடமில்லை. குமாஸ்தா மார்க்கைக் கூட்டிப் பார்த்துவிட்டு அடுத்த பையனைக் கூப்பிட்டார். இந்த அலட்சியத்தைப் பற்றி நண்பர்களிடம் வருஷக்கணக்கில் புலம்பியிருக்கிறேன்.

அமெரிக்காவில் கேட்கிறார்கள். 1975இல் 15 தனியார் கல்லூரிகள் சேர்ந்து ஏற்படுத்திய பொது விண்ணப்பத்தை இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஏற்கின்றன. ஈடுபாடுகளை வரிசைப்படுத்த அதில் 10 இடங்கள்; ஒவ்வொன்றையும் விவரிக்க, இடைவெளி உட்பட, 150 எழுத்துகள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வருஷத்துக்கு எத்தனை வாரம் என்றும் சொல்ல வேண்டும். இது போக 650 வார்த்தைக்குள் ஒரு கட்டுரை. அதற்குக் கொடுத்திருக்கும் தலைப்புகளில் ஒன்று, காலம் போவதே தெரியாமல் உங்களை ஆழ்த்திவிடும் விஷயத்தைப் பற்றியது. அவள் அதை எடுத்துக்கொண்டு, தான் எழுதுவதைப் பற்றி எழுதியிருந்தாள்.

சிறு வயதில் பாட்டி சொன்ன கதை, நூலகம், பள்ளிப் பத்திரிகை என்று கட்டுரை ஒழுங்காகப் போயிற்று. நடுவில் ஒரு வாக்கியம். எழுதும்போது தனக்குக் காலம் போவது நன்றாகத் தெரிகிறது, ஒவ்வொரு நிமிஷமும் தெரிகிறது, எழுந்து போய்விடலாம் என்றிருக்கிறது, ஆனால் போவதில்லை என்று எழுதியிருந்தாள்.

அதை அடித்தேன். எழுத உட்கார்ந்தால் கடிகாரம் மறந்துவிடும் என்று மாற்றினேன். தேர்வு செய்கிறவர்கள் ஆர்வத்தைத்தானே எதிர்பார்ப்பார்கள்? இதே கட்டுரை ஒரு சிறுபத்திரிகைக்கு வந்து, என்னிடம் அபிப்பிராயம் கேட்டிருந்தால், அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு மீதியைத் தூக்கிப் போடச் சொல்லியிருப்பேன். பென்சில் கையில் இருக்கும்போதே இது எனக்குத் தெரிந்திருந்தது. ஸ்தாபனங்களுக்கு வளைந்து கொடுப்பவர்களைப் பற்றி நாற்பது வருஷமாகப் பேசி வருகிறவன், பார்த்தே இராத ஒரு ஸ்தாபனத்துக்காக, அது கேட்காமலே வளைந்திருக்கிறேன்.

மறுநாள் போனில் கேட்டாள்: “தாத்தா, உங்களுக்கு எழுதும்போது நெஜமாவே டைம் போறது தெரியாதா?”

“தெரியும்மா” என்றேன்.

“அப்புறம் ஏன் மாத்தினீங்க?”

உனக்கு இடம் கிடைக்க வேண்டுமே என்று ஏதோ சொன்னேன். அவள் சிரித்தாள்.

எங்களை யாரும் கேட்காதது ஒரு விதத்தில் சௌகரியமாக இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். எழுத்தின் மேல் காதல் என்று எவரிடமும் பாவனை செய்ய வேண்டியிருக்கவில்லை. அதற்காக அந்தக் குமாஸ்தாவை நியாயப்படுத்த மாட்டேன். கேட்டதால்தான் அவள் அந்த வாக்கியத்தை எழுதினாள். எழுதும்போது எனக்கு என்ன நேர்கிறது என்று நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. யாரும் கேட்கவில்லை என்பதை அதற்குச் சாக்காகவும் வைத்திருந்தேன்.

தன் வாக்கியத்தைத் திரும்பச் சேர்த்து அனுப்பிவிட்டாள். 650ஐத் தாண்டியதால் நான் சேர்த்தவற்றில் இரண்டு வாக்கியங்களை எடுத்துவிட்டாளாம். எவை என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.