ஏழா, நாலா?

போன வாரம் என் அக்கா பேத்தி போன் செய்தாள். பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். "தாத்தா, நீங்க அந்த வேலைதானே பார்த்தீங்க? நெட்வொர்க்ல லேயர் ஏழா, நாலா? புக்ல ரெண்டும் போட்டிருக்கு" என்றாள்.

முப்பத்து நாலு வருடம் கம்பியோடும் மோடத்தோடும் கிடந்தவனிடம் இப்படிக் கேட்டால் சும்மா விடுவேனா? முக்கால் மணி நேரம் பேசிவிட்டேன். அவள் பாதியில் சாப்பிடப் போய்விட்டாள் என்று நினைக்கிறேன். மீதியை இங்கே எழுதிவிடுகிறேன்.

நம் வயதுக்காரர்களுக்குத் தபால் தெரியும். கடிதம் எழுதுபவர் ஒருவர். அதைப் பெட்டியிலிருந்து எடுப்பவர் வேறொருவர். ஊர் ஊராகப் பிரித்துப் பையில் கட்டுபவர் இன்னொருவர். பை போகும் ரயிலை ஓட்டுபவருக்குக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்வதும் இப்படித்தான், அடுக்கடுக்காக. ஒவ்வொரு அடுக்கும் தன் வேலையை மட்டும் பார்க்கும். மேலே இருப்பதைப் பிரித்துப் படிக்காது.

அந்த அடுக்குகள் எத்தனை என்பதில்தான் சண்டை. ஐ.எஸ்.ஓ. என்ற உலகத் தர அமைப்பு 1984-இல் ஏழு என்று வரைந்தது. அதன் பெயர் ஓ.எஸ்.ஐ. பிசிக்கல், டேட்டா லிங்க், நெட்வொர்க், டிரான்ஸ்போர்ட், செஷன், பிரசன்டேஷன், அப்ளிகேஷன். பயிற்சி வகுப்பில் திருப்பாவை மாதிரி ஒப்பித்திருக்கிறேன். ஆனால் அதற்கு முந்தைய வருடமே, 1983 ஜனவரி 1 அன்று, அமெரிக்காவின் அர்பாநெட் வலை டி.சி.பி./ஐ.பி.க்கு மாறிவிட்டது. அங்கே நாலுதான்: லிங்க், இன்டர்நெட், டிரான்ஸ்போர்ட், அப்ளிகேஷன். ஓ.எஸ்.ஐ.க்காரர்கள் வீட்டுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தபோது, இவர்கள் கட்டிக் குடியேறிவிட்டு, பிறகு இத்தனை அறை இருக்கிறது என்று எண்ணிச் சொன்னார்கள்.

நம் நாட்டிலும் இரண்டும் சேர்ந்தே ஓடியது. 1986-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு எர்நெட் என்ற கல்வி ஆராய்ச்சி வலை தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யும் அதில் ஒன்று. எது ஜெயிக்கும் என்று அப்போது யாருக்குத் தெரியும்? முதுகெலும்பான இணைப்புகளில் இரண்டு வகையையும் ஓட்டினார்கள். 1995 வாக்கில் கிட்டத்தட்ட எல்லாமே டி.சி.பி./ஐ.பி. ஆகிவிட்டது.

ஆக, ஏழு தோற்றது. ஆனாலும் இன்றுவரை எந்த அலுவலகத்திலும் 'லேயர் த்ரீ பிரச்சினை' என்று ஏழின் எண்ணை வைத்துத்தான் பேசுகிறார்கள். சித்திரைத் தேர் மாசி வீதியில் ஓடுகிற ஊர்க்காரர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. செஷன், பிரசன்டேஷன் இரண்டையும் தனியாகக் கழற்றிக் காட்டும் பெட்டி ஒன்றை என் சர்வீஸில் நான் பார்த்ததே இல்லை. அந்த இரண்டும் கமிட்டியில் பிறந்த பிள்ளைகள் என்பது என் அபிப்பிராயம். அடித்தட்டு விஷயத்தில் மட்டும் ஏழுதான் உசத்தி. கம்பியை அது தனி அடுக்காக வைத்திருக்கிறது. நாலில் கம்பிக்கென்று தனி இடம் கிடையாது. இதை நான் புத்தகத்தில் கற்கவில்லை.

2006 ஐப்பசி. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு வங்கிக் கிளை. பெயர் வேண்டாம். அப்போதுதான் கோர் பேங்கிங் வந்திருந்தது. லைன் போனால் நூறு ரூபாய்கூட எடுக்க முடியாது. திங்கட்கிழமை காலை புகார் வந்தது. மதுரையில் உட்கார்ந்தபடியே அந்த ரௌட்டருக்கு பிங் அடித்தேன். போன ஐந்தும் ஒழுங்காகத் திரும்பி வந்தன. "லேயர் த்ரீ வரைக்கும் ஓகே. உங்க சாஃப்ட்வேர்க்காரங்களப் பாருங்க" என்று போனை வைத்தேன். அவர்கள், "மற்ற கிளையெல்லாம் ஓடுது, எங்ககிட்ட தப்பில்ல" என்றார்கள். இரண்டு நாள் இப்படியே போனது. இருவர் சொன்னதும் உண்மைதான்!

புதன்கிழமை மேலதிகாரி சத்தம் போட்ட பிறகுதான் ஜீப்பில் போனேன். அங்கே உட்கார்ந்து 1,500 பைட் பாக்கெட் அனுப்பிப் பார்த்தேன். பத்தில் மூன்றுதான் திரும்பியது. திங்களன்று நான் அனுப்பியது 100 பைட். லைனில் இரைச்சல் இருந்தால் சின்னது தப்பிப் போய்விடும், பெரியது அடிபடும். அடிபட்டதை டி.சி.பி. திரும்பத் திரும்ப அனுப்பும். கவுன்ட்டர் திரை காத்திருந்து காத்திருந்து செத்துப்போகும். ஒன்றாம் அடுக்கின் நோய் ஏழாம் அடுக்கில் காய்ச்சலாகத் தெரிந்திருக்கிறது. லைன்மேன் போய்ப் பார்த்தால் ஒரு கேபிள் ஜாயின்ட்டுக்குள் மழைத்தண்ணீர். வேறு ஜோடிக் கம்பிக்கு மாற்ற ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

வங்கி வாசலில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். "ஏப்பா, லைனு வந்துருச்சா?" என்று கேட்டார். வந்துவிட்டது என்றேன். "வந்து என்னத்துக்கு, மக வீட்டுல இன்னிக்குக் காலைல காதுகுத்து. சீரு கொண்டுபோகணுமேன்னு நேத்தே அஞ்சு வட்டிக்கு வாங்கிட்டேன். அதக் கட்டத்தான் இப்ப எடுக்க வந்தேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் யார் என்றும் அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் பெரிய பாக்கெட் அனுப்பிப் பார்க்காமல் 'ஓகே' என்று நான் சொன்னதில்லை. ரிட்டையர் ஆகிற வரைக்கும்.

தோற்றுப்போன ஓ.எஸ்.ஐ. குடும்பத்திலிருந்து இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. நீங்கள் செல்போனில் பென்ஷன் கணக்கைப் பார்க்கும்போது, அந்தப் பூட்டுக்குப் பின்னால் இருக்கும் சான்றிதழின் வடிவம் எக்ஸ்.509. அந்த வீட்டுப் பிள்ளைதான். இதையும் பேத்தியிடம் சொல்ல நினைத்தேன், அதற்குள் போனை வைத்துவிட்டாள்.

நேற்று பரீட்சை முடிந்து மறுபடி கூப்பிட்டாள். இரண்டையும் ஒப்பிடுக என்றே கேள்வி வந்ததாம். "ஏழையும் நாலையும் பக்கத்துல பக்கத்துல வரைஞ்சுட்டேன் தாத்தா. கடைசில உங்க கேபிள் ஜாயின்ட்டையும் எழுதிட்டேன். அதுக்கு மார்க் போடுவாங்களா?"