கையறிவும் நூலறிவும்

சங்க இலக்கியத்தில் செவிலி என்பவள் தலைவியை வளர்த்த தாய், தோழியைப் பெற்றவள். பெற்ற தாய்க்கு நிகராகப் போற்றப்பட்ட அச்சொல்லையே நோயாளரைப் பேணுவார்க்கு இக்காலத் தமிழ் சூட்டியுள்ளது. திருவள்ளுவரும் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தின் உறுப்புகளை நான்கென வகுத்து, நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு அருகிருந்து பேணுவாரையும் ஒருங்கே வைத்து எண்ணினார். சொல்லளவில் இத்துணை உயர்வு தந்த நாம், நம் வீட்டுப் பெண் அத்தொழிலை நாடும்போது தயங்குகின்றோம். அவள் பணியில் அமர்ந்த பின்னரோ, "வேலைதான் கிடைத்துவிட்டதே, இனி என்ன படிப்பு?" என்று கேட்கின்றோம். இவ்விரண்டாம் வினாவுக்கு எங்கள் இல்லம் கண்ட விடையைத் தலைநகர்த் தமிழ்க் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

எங்கள் மகள் தில்லியிலுள்ள தமிழ்ப் பள்ளி ஒன்றில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, 'ஜி.என்.எம்.' எனப்படும் மூன்றாண்டுச் செவிலியர் பட்டயம் பெற்றாள். தீவிர சிகிச்சைப் பிரிவில் நான்காண்டுகள் பணிபுரிந்தாள். இரவுப் பணி முடித்து வந்த ஒரு காலையில், "அப்பா, எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியும், ஏன் செய்கிறோம் என்பது பாதிதான் தெரிகிறது" என்றாள். பட்டயச் செவிலியர் மேலும் ஈராண்டு பயின்று பட்டம் பெறுவதற்கென்றே 'போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி.' என்னும் படிப்பு உள்ளது. அதில் சேர விரும்பினாள்.

ஈராண்டுகள் ஊதியம் இல்லை, கட்டணமும் உண்டு. கையில் இருந்ததோ அவள் திருமண நகைக்கென்று சேர்த்த தொகை ஒன்றே. ஊரிலிருந்து எங்கள் தமக்கையார் தொலைபேசியில், "நகைப் பணத்தைக் கல்லூரிக்குக் கட்டிவிட்டு, நாளை மாப்பிள்ளை வீட்டாருக்கு என்னடா பதில் சொல்வாய், தம்பி?" என்று கேட்டார்கள். அவர்களுடைய அச்சம் வீண் அச்சமன்று. கூடிவந்த வரன் ஒன்று அதனாலேயே நின்றுபோயிற்று. அதில் எங்களுக்கு வருத்தம் இல்லை என்று கூற மாட்டோம். ஆயினும் நாங்கள் இருவரும் மூன்று இரவுகள் பேசி, அத்தொகையை அவள் கையிலேயே கொடுத்தோம்.

செவிலியர்க்குப் பட்டக் கல்வி நம் நாட்டில் நேற்று முளைத்ததன்று. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-இலேயே செவிலியர் பள்ளி கண்டார். 1946-இல் தில்லியிலும் வேலூரிலும் பட்டப் படிப்பு தொடங்கிற்று. எங்கள் மகளின் பாட நூல்களைப் புரட்டியபோதுதான் அக்கல்வியின் அகலம் எங்களுக்குப் புலனாயிற்று. நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், ஊட்டச்சத்து, உளவியல், சமூகவியல், மனநலம், சமுதாய நலம், நிர்வாகம் எனத் தொடர்ந்து, இறுதியில் ஆய்வு முறையும் புள்ளியியலும் நின்றன. "நோயாளியைப் பார்ப்பவளுக்குப் புள்ளியியல் எதற்கு?" என்று கேட்டோம். கிரிமியப் போரில் இறந்த வீரருள் பெரும்பாலோர் காயத்தால் அன்றி நோயால் இறந்தனர் என்பதைப் புள்ளிவிவர வரைபடங்களால் எடுத்துக்காட்டியவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் என்றாள். விளக்கேந்திய அம்மையாரை மட்டுமே அறிந்திருந்த எங்களுக்கு இது புதுச்செய்தி.

கற்பித்தலும் அப்படிப்பின் ஒரு பாடம். கல்லூரியில் பாடம் நடத்துமுன் எங்கள் உணவு மேசையில் ஒத்திகை நடக்கும். மாணவர்கள் நாங்கள் இருவருமே. ஒரு நாள் நரம்பின் வழியே நீர்மம் செலுத்தும் கணக்கைச் சொல்லித் தந்தாள். 500 மி.லி. நீர்மம் 8 மணி நேரத்தில் செல்ல வேண்டும். 20 துளி 1 மி.லி. ஆகும் குழாயாயின், மொத்தம் 10,000 துளி. அதை 480 நிமிடங்களால் வகுத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 21 துளி. "சற்று விரைந்து போனால்தான் என்னம்மா?" என்று கேட்டாள் அவள் தாய். "தளர்ந்த இதயத்தால் அத்தனை நீரையும் தாங்க முடியாதம்மா, நீர் நுரையீரலில் தேங்கி மூச்சுத் திணறும்" என்றாள் மகள். துளிகளை எண்ணும் பழக்கம் பட்டயக் காலத்திலேயே அவள் கைக்கு வந்திருந்தது. அதன் காரணத்தைப் பிறர்க்குத் தெளிவுறச் சொல்லும் ஆற்றலோ இப்போது வந்தது.

இவ்வழியில் செல்ல விரும்புவோர்க்குச் சில சொற்கள். கல்லூரி உரிய ஏற்புப் பெற்றதா என்பதைக் கட்டணம் செலுத்துமுன் உசாவுதல் வேண்டும். தமிழ்நாட்டில் பயின்று இங்கு வருவோர் இங்குள்ள செவிலியர் மன்றத்திலும் பதிவு செய்தல் வேண்டும். ஆவணங்கள் வந்து சேர நாளாகுமாதலின் முன்னரே தொடங்குதல் நன்று. பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். குடியிருப்புகளில் தாய்மாரிடம் பேச இந்தி வேண்டும். இரண்டையும் சேர்க்கைக்கு முன்பே பழகிக்கொள்ளுதல் பெருந்துணை.

இன்று எங்கள் மகள் இளஞ்செவிலியர்க்குப் பயிற்சி அளிக்கின்றாள். ஊதியம் சிறிதே கூடியது. வரன் தேடலும் தொடர்கின்றது. ஆயினும் தன் பணியைப் பற்றிப் பேசும்போது அவள் குரலில் முன்பிருந்த தயக்கம் இப்போது இல்லை.

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் இத்தகைய பெண்கள் உள்ளனர். அவர்கள் படிக்க மாலை வேளையில் சங்கத்தின் ஓர் அறையைத் திறந்து வைப்போம். இரவெல்லாம் விழித்திருந்து வந்தவள் உறங்கும் பகற்பொழுதில் வீட்டில் வானொலியையும் தொலைக்காட்சியையும் அடக்கி வைப்போம். மேலே படிக்க வேண்டும் என்று அவள் கேட்கும் நாளில், எவ்வளவு செலவாகும் என்று கேட்குமுன், என்ன படிப்பு என்று கேட்போமாக.