ஆறாவது பங்கு

எங்கள் அன்னையார் தில்லிக்கு வந்தபோது ஊரிலிருந்து ஒரு பித்தளை அண்டாவையும் கொண்டுவந்தார். "வீட்டுல ஒரு பொழுதுக்காவது தண்ணி இல்லாமப் படுக்கக் கூடாது" என்பார். யமுனை பாயும் நகரில் இதற்கென்ன தேவை என்று நாங்கள் நகைத்ததுண்டு. அண்டா பரண் ஏறிற்று. பழைய செய்தித்தாள்கள் அதில் குடிபுகுந்தன.

2016 பிப்ரவரியில் அந்த நகைப்பு அடங்கிற்று. அரியானாவில் இட ஒதுக்கீடு கோரி எழுந்த கிளர்ச்சியில் முனக் கால்வாய் சேதமுற்றது. அதனை நம்பியிருந்த தில்லியின் சுத்திகரிப்பு நிலையங்கள் பல இயங்காது நின்றன. 22ஆம் நாள் பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. செய்தி கேட்டவுடனேயே அன்னையார் அண்டாவை இறக்கி, புளியிட்டுத் துலக்கி, குழாயில் எஞ்சி வந்த நீரைப் பிடித்து வைத்திருந்தார். 60 லிட்டர் இருக்கும்.

நாங்கள் அலுவலக வழக்கப்படி கணக்கிடத் தொடங்கினோம். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர், ஐவருக்கு 20, மூன்று நாள் தாங்கும். அப்போது கதவு தட்டப்பட்டது. மேல்மாடிப் பஞ்சாபிப் பெண் இடுப்பில் கைக்குழந்தையும் கையில் ஒரு பாத்திரமுமாக நின்றாள். லாரி வந்துவிடும் என்று நாங்கள் இழுத்தோம். அன்னையாருக்கு இந்தி தெரியாது. வெறும் பாத்திரம் புரிந்தது. எங்கள் முகத்தைப் பாராமலே முகந்து நிறைத்தார். அன்று நாங்கள் நாணியதுபோல் என்றும் நாணியதில்லை. லாரி வந்த நாளில், நாங்கள் படியிறங்குமுன்பே அப்பெண்ணின் கணவர் எங்கள் வாளிகளையும் வரிசையில் வைத்திருந்தார்.

அச்சத்தால் அடுத்த தவற்றைச் செய்தோம். குழாயில் நீர் வந்ததும் வாளி, தவலை அனைத்தையும் நிரப்பித் திறந்தே விட்டுவிட்டோம். சில நாளில் கொசுப்புழுக்கள் நெளிந்தன. டெங்குவைப் பரப்பும் கொசு தெளிந்த நீரிலும் முட்டையிடும் என்பதும், அம்முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும் என்பதும், நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவவேண்டும் என்பதும் அப்போதுதான் எங்கள் அறிவுக்கு எட்டின.

இன்று எங்கள் இல்லத்தில் ஞாயிறுதோறும் சேமித்த நீர் செடிகளுக்கும் தரைக்கும் போகிறது. பாத்திரங்களைத் தேய்த்து, புதுநீர் நிரப்பி, இறுக மூடிவைக்கிறோம். கைபடாமல் முகக்க நீண்ட காம்புள்ள கரண்டி உண்டு. ஐயம் எழுந்தால் கொதிக்கவைத்தே பருகுகிறோம்.

அன்னையார் இப்போது இல்லை. நாங்கள் நால்வரே. ஆயினும் நீரை அளக்கையில் ஆறு பேருக்கே அளக்கிறோம். ஐந்தாவது பங்கைக் குறைக்க மனம் வரவில்லை. ஆறாவது, கதவைத் தட்டப்போகிறவருக்கு.